வினிகர் இல்லாட்டி

அந்தக்காகிட்ட போய் எதையாச்சும் "இல்லைங்க்கா"ன்னு சொல்லிப் பாருங்க, மூஞ்சி அப்படியே பளிச்சுன்னு ஆகும். ஒரு பொருள் இல்லைன்னா நமக்கெல்லாம் கடுப்பாகும், அவங்களுக்கு குஷியாகும். "இல்லாட்டி என்ன பிள்ள, இது கெடக்குல்லா"ன்னு கைக்கு எது சிக்குதோ அதை எடுத்து நீட்டுவாங்க. முக்கால்வாசி அது வேலையும் செஞ்சுரும். பிரச்சனையே அதான். நாலுல ஒண்ணு சொதப்பியிருந்தாக் கூட நாங்கெல்லாம் அப்பவே உஷாராயிருப்போம்.

பேரு சொல்ல மாட்டேன். நாங்க சேந்து ஆடற ஆன்லைன் கேமுக்குள்ளயும் சரி, வெளியவும் சரி, அவங்க வெறும் அக்காதான். தூத்துக்குடிப் பக்கம் ஏதோ கடக்கரை ஊரு. வேலம்பாளையத்துல ஒரு டையிங்ல, துணிக்கு சாயம் போடற ஃபேக்டரில, லேப் வேலை. ஞாயித்துக்கிழமை காலைல சர்ச்சு, சர்ச்சு முடிஞ்சா அதே பட்டுச்சேலையோட நேரா பிரவுசிங் சென்டரு. கொண்டைக்கு மேல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, தலையில மல்லிப்பூ, கையில மவுசு, ஸ்க்ரீன்ல ரெண்டாள் உசரக் கத்தி. பசங்க எல்லாம் இந்தக்கா வந்தா எந்திரிச்சு நல்ல கம்ப்யூட்டரா பாத்து உட்டுக் குடுப்பானுங்க. நான் அப்ப காலேஜ் செகண்ட் இயர். பொம்பளைப் புள்ளை சென்டருக்குப் போறதான்னு ஊட்டுல ஏகப்பட்ட சத்தம். அக்கா ஒருநாள் வந்து என்ற அம்மாகிட்ட பேசினாங்க, அதோட சத்தம் அடங்கிருச்சு.

இவங்களை நெனைச்சாலே முதல்ல வர்றது அந்த நாடா மேட்டருதான். சென்டர்ல இருந்து ரெண்டு பேரும் என்ற ஸ்கூட்டில வர்றோம். பாலத்து மேல ஏறும்போதே பின் பிரேக் ஒயரு அறுந்துருச்சு. முன் பிரேக்கு ஏற்கனவே பேருக்குத்தான். தள்ளிட்டுப் போயிரலாம்க்கான்னு நான் சொல்றேன். அக்கா ஹேண்ட்பேக்குல கையை உட்டு ட்ராக் பேண்ட்டுக்குக் கோக்கற நாடாவை உருவி எடுத்தாங்க, ரெண்டு மொழம் இருக்கும். அதோட ஒரு முனையை பின் சக்கரத்து பிரேக் கம்பில கட்டினாங்க. இன்னொரு முனையைக் கையில சுத்திக்கிட்டு பின்னாடி ஏறி உக்காந்துட்டாங்க.

"நீ ஓட்டு பிள்ள. பிரேக்க நான் புடிக்கேன்."

பாலத்து எறக்கம். கீழ பஸ்ஸூ, லாரி, துணி மூட்டை ஏத்தின டெம்போ.

"அக்கா, லாரி. புடிங்க்கா."

"புடிச்சாச்சு."

"இன்னும் புடிங்க்கா."

"கத்தாத. கை நோவுது."

ஊடு வந்து சேந்தோம். அக்கா நாடாவை அவுத்து மடிச்சு பேக்குல வெச்சுக்கிட்டு, "பாத்தியா, ஒண்ணும் ஆவல"ன்னு டீ கேட்டாங்க.

லேப்லயும் இதேதான். அங்க அவங்க வேலையே சாயத்துக்கு ரெசிபி போடறது. சாப்பாட்டுக்கு மாதிரி சாயத்துக்கும் ரெசிபின்னுதான் சொல்லுவாங்க. வெளிநாட்டுல இருந்து துணி வாங்கற பையரு ஒரு துண்டுத் துணி அனுப்புவான், அதே கலர்ல ஆயிரக்கணக்குல டீஷர்ட் வரணும். ஒருதடவை மெரூனுக்கு வேண்டிய ஒரு சாயம் ஸ்டாக் இல்ல. வேற ரெண்டைக் கலந்து அக்கா அதே மெரூனைக் கொண்டாந்துட்டாங்க. ட்யூப் லைட்டுல வெச்சுப் பாத்தா சத்தியமா வித்தியாசம் தெரியாது. கம்பெனி வாசல்ல, வெயில்ல விரிச்சப்ப செங்கல் கலர். மொத்த லாட்டும் திரும்பி வந்துச்சு. அதை எங்ககிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க: "வெயில்ல கொண்டு போய் எதுக்குப் பாக்கான்? அவன் ஊர்ல வெயிலா அடிக்கி?"

இன்னொண்ணும் இருக்கு. எதுக்கு என்ன மாத்துன்னு சொல்லுவாங்களே ஒழிய, எவ்வளவுன்னு சொல்லவே மாட்டாங்க. கேட்டா எரிஞ்சு விழுவாங்க. "பொழுதன்னிக்கும் லேப்ல சொட்டு சொட்டா அளந்து சாவுதேன். வெளிய வந்தும் அளக்கணுமாக்கும்? கண்ணு பாத்துக்கிடும்டே."

சரி, பத்திரிகை கதைக்கு வர்றேன். நாங்க வெளையாண்ட கேமுக்கு நாங்களே ஒரு பத்திரிகை நடத்தினோம். பேரு 'வெட்டுக்குத்து'. பத்திரிகைன்னா பெருசா நெனைச்சுக்காதீங்க, ரெண்டு ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து மடிச்சா அதான். எந்த ராட்சசனை எப்படிக் கொல்றது, எந்த சென்டர்ல கனெக்‌ஷன் வேகம், போன வாரம் எவன் எவன்கிட்ட அடி வாங்கினான், இதான் மேட்டரு. வேலம்பாளையம், பெருமாநல்லூர், பல்லடம்னு அக்கம்பக்கத்து சென்டர் எல்லாத்துலயும் கவுண்டர்ல சும்மா வெச்சுருவோம். டைப் அடிக்கறது நாட்டுக்கோழி. என்ற கிளாஸ்மேட்டு, பல்லடத்துக்காரன், அவங்கப்பாவுக்கு கோழிப்பண்ணை, அதனால கேம்ல அவன் பேரு அது.

அந்த கேம்ல சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம ஆளுக்கு சமைச்சுப் போடணும். மூணு சாமான் கேக்கும். ஒண்ணு இல்லாட்டி வேற ஏதாச்சும் போட்டாலும் ஏதோ ஒரு சூப்பு வந்துரும், தெம்புதான் கொஞ்சம் கம்மியாக் கிடைக்கும். எதுக்கு எது மாத்துன்னு அக்காவுக்குத் தலைகீழ் பாடம். கடைசிப் பக்கத்துல 'மாத்துச் சரக்கு'ன்னு எழுத ஆரம்பிச்சாங்க. செம ஹிட்டு. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு தெக்கத்திப் பசங்க, ரூம் எடுத்து தானே சமைச்சுத் திங்கறவனுங்க. அவனுங்க கேம் சமையலை உட்டுட்டு நெஜ சமையலுக்கு மாத்து கேக்க ஆரம்பிச்சுட்டானுங்க. சண்டைக்கு நடுவுல சாட்ல இதான் ஓடும்.

அதுல முக்கியமானவன் ஓவர்லாக். பெருமாநல்லூர்ல ஒரு யூனிட்டுல துணி ஓரம் தைக்கற ஓவர்லாக் மிஷின் டெய்லரு. அக்கா ஊருக்குப் பக்கத்து ஊருக்காரன், அதனால அக்கா மேல தனிப் பாசம்.

ஓவர்லாக்: அக்கா பிரியாணி போடுதேன், தயிர் இல்ல

அக்கா: எலுமிச்சம்பழம் புழி

நாட்டுக்கோழி: எலுமிச்சையும் இல்லாட்டிங்க்கா?

அக்கா: தக்காளி கூடப் போடு

நான்: கோழியே இல்லாட்டி?

அக்கா: பல்லடத்துக்காரன வெட்டிப் போடு

நாட்டுக்கோழி: ஏனுங்க்கா, நானா கெடச்சேன்

ஓவர்லாக்: தக்காளி எத்தனக்கா?

அக்கா: கண்ணு எதுக்குடே இருக்கு

இதெல்லாம் அப்ப அவ்வளவு சிரிப்பா இருந்துச்சு.

ஒரு இஷ்யூல பரோட்டாக் கடை வெங்காயம் போட்டாங்க. வெங்காயத்தை வட்டமா அரிஞ்சு வினிகர்ல ஊற வெச்சு, கோழி வறுவலுக்குத் தொட்டுக்கறது. கீழ வழக்கம் போல: வினிகர் இல்லாட்டி? 'டையிங்ல அசிட்டிக் ஆசிட் கேன் கெடக்கும்லா, வினிகரும் அதுதான், தண்ணி சேத்து ஊத்திக்கோ.' அவ்வளவுதான். எவ்வளவு தண்ணின்னு இல்ல. திருப்பூருக்கு வெளிய எவனும் இப்படி ரோசனை பண்ண மாட்டான். இங்க தெருவுக்கு ஒரு டையிங், அசிட்டிக் வாடையிலதான் தூங்கி எந்திரிக்கறோம். அது படிச்ச யாருக்கும் உறுத்தல. வினிகரும் அதேதாங்கறது நெசந்தான். ஆனா கேன்ல வர்றது கையில பட்டா தோலு வெந்து போற சரக்கு. குடக்கணக்குல தண்ணி ஊத்தினாத்தான் அது வினிகரு.

அந்த ஞாயித்துக்கிழமை மதியம். நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. ஓவர்லாக் பெருமாநல்லூர் சென்டர்ல இருந்து, நாட்டுக்கோழி பல்லடத்துல இருந்து. எல்லாரும் ஒரே கூட்டமா கேம்ல ஒரு காட்டுக்குள்ள நிக்கறோம். சாட்ல ஓவர்லாக் டைப் அடிக்கறான்:

ஓவர்லாக்: அக்கா இன்னைக்கு உங்க வெங்காயம்தான்

ஓவர்லாக்: எதுத்த டையிங் வாட்ச்மேன்ட்ட ஒரு டம்ளர் வாங்கியாந்தேன், கேன்ல இருந்து புதுசா ஒடச்சுக் குடுத்தாரு

ஓவர்லாக்: வெங்காயம் ஊறிட்டு கெடக்கு, கோழி ரெடி, பயலுவ கூப்பிடுதானுவ

நான் சிரிச்சுக்கிட்டே அக்காவைத் திரும்பிப் பாத்தேன். அக்கா சிரிக்கல. ரெண்டு கையும் கீபோர்டு மேல, ஆனா அடிக்கல. அப்புறம் அடிச்சாங்க.

அக்கா: எவ்வளவு தண்ணி சேத்த

அக்கா: ஏலே எவ்வளவு தண்ணி

காட்டுக்குள்ள ஓவர்லாக்கோட ஆளு அப்படியே நிக்கறான். மரத்துக்குப் பின்னாடி இருந்து ஒரு ஓநாய் வந்து அவனைக் கடிக்குது. அவன் திருப்பி அடிக்கல. கடிக்குது, தலைக்கு மேல உசுரு எவ்வளவுன்னு காட்டற ரத்தக் கோடு கொறையுது, அவன் சும்மா நிக்கறான். கம்ப்யூட்டரை அப்படியே போட்டுட்டு சாப்பிடப் போயிட்டான். அவன் ரூமு சென்டருக்குப் பின்னாடி சந்துலதான்.

அக்கா என் கையைப் புடிச்சாங்க. "போன் போடு பிள்ள."

போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பெருமாநல்லூர் சென்டர் லேண்ட்லைனுக்குப் போட்டேன். மணி அடிக்குது, அடிக்குது, எடுக்க ஆளில்ல. அக்கா சாட்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி போட்டாங்க: 'பெருமாநல்லூர்ல யாரு இருக்கீங்க? ஓவர்லாக்க சாப்பிட வேண்டாம்னு சொல்லுங்க. ஓடுங்க.'

எவனும் நம்பல. அக்கான்னாலே காமெடிதானே.

"ஏன்க்கா, கோழில பங்கு வேணுமா?"ன்னு ஒருத்தன். "வினிகருக்கு மாத்து ஆசிட்டுன்னா, ஆசிட்டுக்கு மாத்து என்னக்கா?"ன்னு இன்னொருத்தன். நாட்டுக்கோழி பாவி, அவன் பங்குக்கு: "வினிகருக்கு புளிச்ச மோர் போட்டா ஆகாதுங்களா? எலுமிச்சை பெட்டரா?" அதுக்கு நாலு பேரு பதில் சொல்றான். மோரு, இல்ல புளித்தண்ணி, இல்ல மாங்காய்னு சாட்டு பாட்டுக்கு மேல ஏறிப் போகுது, அக்கா போட்ட வரி கண்ணுக்கே தெரியாம மறைஞ்சுருச்சு. அக்கா மறுபடி போடறாங்க. மறுபடி மறையுது. 'விளையாட்டு இல்லடே'ன்னு போட்டாங்க. அதுக்கும் ஒருத்தன் சிரிச்சான்.

ஹெட்போனைக் கழட்டி வீசிட்டு எந்திரிச்சாங்க. நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

வேலம்பாளையத்துல இருந்து பெருமாநல்லூரு அப்படி ஒண்ணும் தூரம் இல்ல. அன்னைக்கு ரோடு முடியவே மாட்டேங்குது. என்ற தோளைப் புடிச்சிருந்த அக்கா கை இறுக்கிக்கிட்டே இருந்துச்சு. நாடாவைக் கையில சுத்திக்கிட்டு லாரிக்கு நடுவுல சிரிச்ச பொம்பளை. அவங்களே பயந்துட்டாங்கன்னா அப்புறம் நான் யாரைப் பாத்து தைரியமா இருக்கறது? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினேன்.

சந்துல நுழையும்போதே சத்தம். லைன் ஊடு, வரிசையா ரூமு. கடைசி ரூமு வாசல்ல ஆளுக. உள்ள நியூஸ்பேப்பர் விரிச்சு சோறு, கோழி, யாரும் தொடல. வெங்காயக் கிண்ணத்து வாடை கண்ணைக் கரிக்குது. ஓவர்லாக் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கான். சமைச்சவன் முதல்ல டேஸ்ட் பாப்பான்ல, ஒரு வளையத்தை எடுத்து வாய்ல போட்டிருக்கான். உதடு வெள்ளையா ஊதிக் கெடக்கு. எச்சில் முழுங்க முடியாம ஒழுகுது. கண்ணு மட்டும் எங்களைப் பாத்துச்சு. பேச்சு வரல.

அவன் தலையைப் புடிச்சு ஒரு ரூம்மேட்டு, கையில வெள்ளையாக் கலக்கின ஒரு டம்ளர். வாய்கிட்ட கொண்டு போயிட்டான்.

"அது என்னது?" அக்கா.

"சோடா ஆஷ்க்கா. தண்ணில கரைச்சிருக்கேன். ஆசிட்டுக்கு சோடாதான் மாத்து, டையிங்ல அதானே ஊத்துறோம். நீங்களே எழுதியிருந்தீங்கல்லா."

அக்கா ஒரே அடி. டம்ளர் பறந்து சுவத்துல மோதி உருண்டுச்சு.

"துணியாடே அது? தொண்டைடே. வெந்தது போதாதுன்னு மறுபடி வேகணுமா அவனுக்கு?"

"அப்ப என்னக்கா குடுக்க? பால் இல்ல. மோர் கெடக்கு. எண்ணெய் குடுக்கவா? வாந்தி எடுக்க வைக்கவா?"

ரூமுல இருந்த அத்தனை பேரும் அவங்க மூஞ்சியவே பாத்தாங்க. எதுக்கும் ஒரு பதில் வெச்சிருக்கற அக்கா வந்துட்டாங்க, இனி சரியாயிரும்னு ஒரு பார்வை. நானும் அப்படித்தான் பாத்தேன்.

"எனக்குத் தெரியாது,"ன்னாங்க. "எனக்குத் தெரியலடே. ஒண்ணும் குடுக்காத. வாயக் கழுவித் துப்பச் சொல்லு, நல்ல தண்ணில, முழுங்கக் கூடாது. ஆட்டோ கூப்பிடு. எவனாவது ஆட்டோ கூப்பிடுங்கலே."

ஆஸ்பத்திரில டாக்டரம்மா முதல்ல கேட்டதே, "இவருக்கு வாய்ல என்ன குடுத்தீங்க?"

"தண்ணி. கொப்பளிச்சுத் துப்ப வெச்சோம்."

"வேற?"

"வேற ஒண்ணும் குடுக்கலம்மா."

"அந்த மட்டுக்கும் நல்லது,"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு நர்ஸம்மா வந்து, முழுங்கல, வாயோட போச்சு, உசுருக்கு ஒண்ணும் இல்லன்னாங்க. நான் அப்படியே பெஞ்சுல உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். அக்கா உக்காரல. என் முன்னாடி வந்து நின்னு கேக்கறாங்க:

"எந்தெந்தக் கடைல வச்சோம், சொல்லு."

எனக்குப் புரியவே இல்ல. அப்புறம்தான் மண்டைல ஏறுச்சு. வெட்டுக்குத்து. எல்லா சென்டர்லயும் கெடக்குதே.

அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ஒரு சென்டர் உடல. பெருமாநல்லூர்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏறி எறங்கினோம். கவுண்டர்ல இருந்ததை எல்லாம் அள்ளினாங்க. உள்ள உக்காந்திருந்த பசங்க கையில இருந்து புடுங்கினாங்க. வாங்கிட்டுப் போனவன் யாரு, போன் இருக்கான்னு கேட்டு, ஒவ்வொருத்தனையும் கூப்பிட வெச்சாங்க. "ஊட்டுல இருக்குங்க்கா"ன்னு சொன்னவன் ஊட்டுக்கே போனோம். சிலவன் சிரிச்சான். ஓவர்லாக் எப்படிக் கெடக்கான்னு சொன்னதும் சிரிப்பு நின்னுச்சு.

கடைசி பல்லடம். வெளிச்சம் மங்கற நேரம், பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்த சென்டர். நாட்டுக்கோழி வாசல்லயே நின்னான். சாட்ல பேசினது உறுத்தியிருக்கும் போல, தலை நிமிராம, கையில ஒரு கட்டு வெச்சிருந்தான்.

"எல்லாம் வாங்கிட்டேனுங்க்கா. ஒண்ணுதான் குறையுது."

ஓனரண்ணா கவுண்டர்ல இருந்து எட்டிப் பாத்தார். "அதுங்களா. பையனுக்கு ரிசல்ட்டு பாக்கணும்னு ஒரு அம்மா வந்தாங்க. உக்காந்த எடத்துல இதைப் படிச்சுட்டு இருந்தாங்க. சமையல் பக்கம் நல்லாருக்குது, எடுத்துக்கட்டுங்களான்னாங்க. எடுத்துக்கோங்கன்னுட்டேன்."

"எப்போ?" அக்கா.

"ரெண்டு மூணு நாளிருக்குமுங்க."

"எந்தத் தெரு அவங்க?"

"தெரியலீங்க. முன்ன பின்ன பாத்ததில்ல."

"அடையாளம்? வேற என்ன சொன்னாங்க? ரோசிச்சுச் சொல்லுங்க."

அவரு ரோசிச்சார். "சிரிச்சாங்க. வினிகர் வாங்க வேண்டியதே இல்ல போல, எங்க ஊட்டுக்காரரு டையிங்லதான் இருக்காருன்னு சொன்னாங்க."

வெளிய பிரைவேட் பஸ்ஸூக ஹாரன் அடிச்சுக்கிட்டு ஒண்ணை ஒண்ணு முந்துது. அக்கா ரோட்டோரமா போய் நின்னு, கூடையோட ஏறி எறங்கற ஒவ்வொரு பொம்பளை மூஞ்சியையும் பாத்தாங்க. நான் இழுத்தேன், வரல.

அடுத்த இஷ்யூல முதல் பக்கம் முழுக்கப் பெரிய எழுத்துல எச்சரிக்கை போட்டோம். நெறையப் போட்டோம், ரெண்டு மடங்கு. அந்த அம்மாதான் கேமே வெளையாட மாட்டாங்களே, அவங்க எங்க பாக்கப் போறாங்க. அந்த இஷ்யூவோட வெட்டுக்குத்து நின்னுருச்சு. ஓவர்லாக் ஒரு மாசம் ஆறின கஞ்சியா குடிச்சு, தேறி, கொரலு கொஞ்சம் கரகரன்னு மிஷினுக்கே திரும்பிட்டான். அக்கா மேல அவனுக்கு ஒரு கோவமும் இல்ல. அக்காதான் சென்டர் பக்கமே வரல.

ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் பல்லடம் பஸ் ஏறிருவாங்க. கொஞ்ச நாள் நானும் கூடப் போனேன். தெருத் தெருவா நடப்பாங்க. டையிங்ல வேலை பாக்கறவங்க ஊடு எதுன்னு கேப்பாங்க, கதவைத் தட்டுவாங்க. "ஒரு சமையல் தாளு வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் ஒரு மாதிரியாப் பாப்பாங்க. ஏதோ விக்க வந்திருக்காங்கன்னு கதவைச் சாத்துவாங்க. "அந்தம்மா அன்னைக்கே வினிகர் வாங்கியிருப்பாங்க்கா, இல்ல தாளை எங்கயாச்சும் தொலைச்சிருப்பாங்க,"ன்னு சொல்லிப் பாத்தேன். நான் சொல்றதைக் காதுல வாங்கிக்கிட்டே நடந்தாங்க.

நான் கடைசியாப் போன வாரம், பல்லடத்துல ஒரு ஆஸ்பத்திரி. கவுண்டர்ல இருந்த நர்ஸம்மா முன்னாடியே பழக்கம் போல. அக்கா வாயைத் தொறக்கறதுக்குள்ள அவங்களே சொல்லிட்டாங்க:

"இல்லீங்க. வாய் வெந்து போச்சுன்னு இந்த வாரமும் யாரும் வரலீங்க. இத்தனை நாள் ஆச்சு, இனி ஒண்ணும் இருக்காது. ஊட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க."

அப்பாடான்னு ஆயிருச்சு எனக்கு. வாங்க்கா போலாம்னு கையைப் புடிச்சேன். அக்கா வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டாங்க.

"இங்க வரலன்னா," மெதுவா என்கிட்ட கேக்கறாங்க, "வேற எங்க கொண்டு போனாவளோ."

கேட்டுட்டு, ரோட்டைத் தாண்டி அடுத்த ஆஸ்பத்திரிக்கு நடந்தாங்க.